அடியெடுத்துக் கொடுப்பவன்

அல்மாட்டி ஓபெரா மேடையில் ஒரு குழி,
நத்தை ஓடு போல் அதற்கொரு கூரை.
பத்தொன்பது வருடம் அதற்குள் உட்கார்ந்து
பாடுகிறவர்களுக்கு அடியெடுத்துக் கொடுத்தேன்.
தொர்கினின் முகத்தைவிட
அவள் கால்களை எனக்கு நன்றாகத் தெரியும்.

இடது காலணியின் முனை எழும்பினால்
மூச்சு எடுக்கப்போகிறாள்.
குதிகால் தூக்கினால் உச்சம்.
இரண்டும் அசையாமல் நின்றால்
வரி மறந்துவிட்டது.
மொத்தம் நான்கு முறை. எண்ணி வைத்திருக்கிறேன்.

அப்பா ஷூ ரயில் சந்திப்பில்
நீளக் காம்புச் சுத்தியலால்
சரக்கு வண்டிச் சக்கரங்களைத் தட்டிப்போகிறவர்.
நல்ல சக்கரம் மணி.
விரிசல் விழுந்தது மண்பானை.
உறைபனியிலும் தொப்பியின் காதுமூடியை
ஒரு பக்கம் தூக்கிக் கட்டியிருப்பாராம்.
அந்தக் காது கருத்தே போனது.

நுழைவுத் தேர்வில்
பாடச் சொன்னார்கள்.
பியானோவில் ஒரு கட்டை சுருதி இறங்கியிருக்கிறது என்றாள்.
பார்த்தார்கள். இறங்கித்தான் இருந்தது.

பிறகு தாய், சூனியக்காரி, காட்டிக்கொடுக்கும் தோழி.
மெஸ்ஸோ குரலுக்கு யார் காதலனைத் தருகிறார்கள்?
முப்பத்தொரு வயதில்
தன்னைவிட மூத்த டெனருக்கு அம்மா.
அவன் தொப்பையைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

தொண்ணூற்று நாலு குளிரில் கொதிகலன் நின்றது.
சம்பளத்துக்குப் பதில் மாவு,
ஒரு மாதம் ஆளுக்கு நாற்பது ஜோடி ரப்பர் பூட்ஸ்.
பகலில் சந்தையில் நின்று விற்றாள்.
கூவவில்லை, சாதாரணமாகத்தான் விலை சொன்னாள்;
மூன்று வரிசை தள்ளி ஆட்கள் திரும்பினார்கள்.
இரவில் அரசி.
மேலங்கியோடு பதினேழு பேர் எதிரே.
அவள் வாயிலிருந்து ஆவி எழுந்தது,
பாட்டைக் கண்ணால் பார்த்தோம்.
வெல்வெட் ஓரத்துக்குக் கீழே
விற்காமல் மிஞ்சிய பூட்ஸ்.
அது எனக்கு மட்டும்.

ஒருமுறை பெர்லின், மூன்று இரவு.
பத்திரிகை பெயரைத் தப்பாக அச்சிட்டது.
அந்தத் துண்டைப் பணப்பையில் வைத்திருந்தாள்,
பெருமையிலா கோபத்திலா, நான் கேட்கவில்லை.

கடைசி இரவு அதுதான் கடைசி என்று
யாருக்கும் தெரியாது.
கைதட்டல், பூக்கள்.
ஒன்றைப் பொறுக்குவது போல் என் பக்கம் குனிந்தாள்.
"கேட்டதா?"
"இல்லையே."
"பொய். மண்பானை."
நான் எடுத்துக் கொடுத்த
ஒரே தப்பான அடி அது.

விடைபெறும் கச்சேரி வைக்க வந்தார்கள்.
விரிசல் கண்ட வண்டிக்கு
மாலை போட மாட்டார்கள்,
கழற்றிப் பக்கத்துத் தடத்தில் விடுவார்கள் என்றாள்.

இரண்டு கோடை கழித்துச் சந்தையில் பார்த்தேன்.
குவித்த தர்பூசணிகளை
ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டிருந்தாள்.
தட்டினாள், வைத்தாள், இன்னொன்று.
கடைக்காரன் பொறுமை போய்
உஸ்பெக் மொழியில் ஏதோ முணுமுணுத்தான்.
நான் கூப்பிடவில்லை.
பழக்கத்தில்
காலைத்தான் பார்த்தேன்.
செருப்பு தேய்ந்திருந்தது.
இடது முனை
மெல்ல எழும்பியது.