புகை வேண்டாம்

பன்றித்தொடைகளைப் புகையில் தொங்கவிடும் கூடத்திலிருந்து
இரவு பத்தேகாலுக்கு வருவாள் யாத்விகா.
அவளுக்கு முன்னே படியேறி வந்துவிடும்
அவள் கூந்தல் வாசம்:
ஆல்டர் கட்டை, கொழுப்பு, மிளகு.
டோருன் நகரில் எதிர்வீட்டு நாய்க்கு
அவளைவிட நெருங்கிய சொந்தம் இல்லை.

அவள் இறைச்சியை நிறுத்தி மூன்று வருடம்.
ஏன் என்றதற்கு,
"ஒருநாள் கையுறையைக் கழற்றினேன்,
கை இன்னும் கையுறை போலவே இருந்தது" என்றாள்.
அதற்குமேல் நான் கேட்கவில்லை.
டிராம் ஓட்டுகிறவன் நான்,
தண்டவாளம் போகும் வழிதான் தெரியும்.

சமையல் என் தலையில் விழுந்தது.
முட்டைக்கோஸை வெந்நீரில் வேகவைத்து
வெந்நீரின் ருசியிலேயே பரிமாறினேன்.
பீன்ஸ், உருளைக்கிழங்கு, டர்னிப்,
எல்லாம் ஆஸ்பத்திரிச் சுவரின் நிறம்.
வாய் திறந்து குறை சொல்லமாட்டாள்.
உப்புக் கிண்ணத்தை மட்டும்
மெல்லத் தன் பக்கம் இழுத்துக்கொள்வாள்.
அது மேசையில் உரசும் சத்தம்
என் காதில் திட்டாக விழும்.

பணிமனையில் ஸெனெக் சொன்னான்:
"கறி இல்லாத குறையைக் கறியின் வாசனையால் அடை."
வாங்கினேன்.
புகையிட்ட பிளம், புகையிட்ட மிளகாய்த்தூள்,
நம்பமாட்டீர்கள், புகையிட்ட உப்பு.
மூன்று நாள் சுண்டவைத்தேன்.
விஸ்துலாவின் குளிர்காற்று படும் பலகணியில்
இரவெல்லாம் ஆறவிட்டேன்.
ஆக்கப் பொறுத்தவனுக்கு ஆறப் பொறுக்காதா?
மூடியைத் திறந்தால்
வீடே கல்யாண விருந்து.
எனக்கே எச்சில் ஊறியது.

யாத்விகா கரண்டியை வாயருகே கொண்டுபோனாள்.
மூக்கு முந்திக்கொண்டது.
கரண்டியை வைத்துவிட்டுப் போய்
தலைக்குக் குளித்தாள், இரண்டாம் முறை.
ஈரத்துண்டோடு வந்து நின்றாள்.
"எட்டு மணிநேரம் அதற்குள்தான் நிற்கிறேன், லேஷெக்.
வீட்டிலும் அதை எனக்கு ஊட்டாதே.
முட்டைக்கோஸுக்கு
முட்டைக்கோஸ் என்று ஒரு ருசி இருக்குமே,
அது எங்கே?"

பானையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.
ஒரு பாவப்பட்ட காய்க்குப்
பன்றி வேஷம் கட்டி மேடையேற்றியிருக்கிறேன்.

மறுநாள் எனக்கு விடுமுறை.
கோஸை ஆறாகப் பிளந்து
உப்பைத் தேய்த்து ஒரு மணிநேரம் சும்மா விட்டேன்.
அழுதது. அழட்டும்.
துடைத்தெடுத்து, காய்ந்த இரும்புச்சட்டியில்
வெட்டுமுகம் கீழாக வைத்தேன்.
கிளறவில்லை.
கிளறத் துடித்த கையைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டேன்.
இதுதான் கஷ்டம்,
சட்டியை நம்பி ஒன்றும் செய்யாமல் நிற்பது,
ஆளில்லாத தெருவில்
சிவப்பு விளக்குக்கு நிற்பது போல.
ஓரம் கறுத்தது, உள்ளே இனிப்புத் திரண்டது.

காட்டுக் காளான் வற்றல் ஒரு பிடி
முந்தைய இரவே ஊறியிருந்தது.
அந்தக் கறுப்புத் தண்ணீரை
முன்பெல்லாம் தொட்டியில் கொட்டிவிடுவேன்.
நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது.
மணலை அடியில் தங்கவிட்டு
தெளிவை மட்டும் ஊற்றினேன்.
சட்டி சீறியது, பிறகு சமாதானமானது.

அடுப்பை அணைத்த பின்தான்
புளித்த கோஸ் ஜாடியிலிருந்து இரண்டு கரண்டிச் சாறு.
முன்னால் ஊற்றினால் புளிப்பு செத்துவிடும்.
அதையும் ஒருமுறை கொன்றுதான் கற்றேன்.
மேலே சூடுபடாத ஆளிவிதை எண்ணெய்,
கண்ணைக் கலங்கவைக்கும் காரமுள்ளங்கித் துருவல்.

பத்தேகால்.
குளித்துவிட்டு வந்து உட்கார்ந்தாள்.
ஒரு வாய்.
இன்னொரு வாய்.
பேச்சில்லை.
ரை ரொட்டியால் சட்டியின் அடியை வழித்தாள்,
கறுத்த ஓரத்தை நகத்தால் பெயர்த்து.
பிறகு என் முகத்தைப் பார்த்து
"உப்பு ஒரு கல் குறைச்சல்" என்றாள்.

கிண்ணம் அவள் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது.
இழுக்கவில்லை.