ப்ராக்கில் போட்ட மோதிரம்

அக்டோபர் முப்பது, இரவு பத்தரை.
கிலிபெக்ஸ் துறைமுகத்தில் கானாங்கெளுத்தி வந்து குவிந்த நாள்.
ஆலையில் ஒன்பது மணிநேரம் செதில் பார்த்த கையை
எலுமிச்சை தேய்த்து இருமுறை கழுவினேன்.
ஆனாலும் மாவுக்கு மூக்கு உண்டு.
அதனால் கரண்டிதான்.

உலர்திராட்சை, கறுப்பும் பொன்னிறமுமாய்
முந்நூற்றைம்பது கிராம்.
ஆரஞ்சுத் தோல் கொஞ்சம். விஸ்கி ஒரு மூடி.
சரி, இரண்டு மூடி.
அதன்மேல் பால் காணாத டீ,
நாக்கைச் சுருட்டும் கடுமையில், ஆறவைத்து.
தட்டைக் கவிழ்த்து மூடிவிட்டுப் படுத்தேன்.

காலையில் திறந்தால்
வற்றிச் சுருங்கிய முகங்களெல்லாம்
யாரோ நல்ல சேதி சொன்னதுபோல் உப்பியிருந்தன.
கிண்ணத்தில் டீ ஒரு சொட்டு இல்லை.

டிம்ப்னா இறங்கி வந்தாள், என் தங்கை.
மூன்று மார்ச்சுக்கு முன்
இரண்டு பெட்டியும் ஒரு கெட்டிலுமாய் வந்தவள்.
முந்தாநாள்தான் நீதிமன்றக் கடிதம் வந்தது.
பெயரைச் சொல்வதில்லை நாங்கள்.
இந்த வீட்டில் இப்போது 'அவன்' என்றால்
நூற்றெழுபது டிகிரிக்குச் சூடேறும் பெட்டி மட்டும்தான்.

மாவு, முட்டை, பழுப்புச் சர்க்கரை, பட்டை, ஜாதிக்காய்.
பிறகு ஆவிகளின் இரவுக்கென்று உள்ளே புதைப்பவை:
காசு கிடைத்தவருக்குப் பணம்,
கந்தல் கிடைத்தவருக்குத் தரித்திரம்,
குச்சி வந்தால் கட்டியவரோடு சண்டை,
பட்டாணி வந்தால் இந்த வருடமும் கல்யாணம் இல்லை.
மோதிரம் வந்தால் உண்டு.
ஆனால் மோதிரத்தைக் காணோம்.
போன வருடத்துப் பித்தளையைப்
பக்கத்து வீட்டு ஆஸ்கர் கொண்டுபோய்
எந்தச் சாக்கடையில் போட்டானோ.

டிம்ப்னா ஒன்றும் சொல்லவில்லை.
தகரத்துக்குத் தடவ வைத்திருந்த வெண்ணெயில்
விரல் நுனியளவு எடுத்து
மோதிரவிரலின் வீங்கிய கணுவில் தடவினாள்.
பதினேழு வருடம்
வழுக்கிக்கொண்டு வந்தது.

"விற்றுவிடேன்" என்றேன்.
"விற்றால் எடை போடுவார்கள்" என்றாள்.
"காகிதத்திலாவது சுற்று."
"வேண்டாம். வெறுமனே போகட்டும்."
எங்கே அமுக்கினாள் என்று
அவளும் பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை.

சாயங்காலம் மேசையில் ஐந்து பேர்.
காசு ஆஸ்கருக்கு. செல்லுமா என்று கேட்டான்.
குச்சி அட்ராக்டாவுக்கு.
அவள் கணவன் ஃபின்டன் கூரையில் எதையோ ஆராய்ந்தான்.
பட்டாணி எனக்கு, ஒன்பதாவது முறையாக.
நாங்கள் பழகிவிட்டோம், பட்டாணியும் நானும்.
கந்தல் டிம்ப்னாவுக்கு.
"இதை வக்கீலே சொல்லிவிட்டாரே" என்றாள்.
மோதிரம் யாருக்கும் வரவில்லை.
முனைத்துண்டு ஒன்று மிச்சம்.
எல்லாருக்கும் திடீரென்று வயிறு நிறைந்துவிட்டது.

மறுநாள் மழை.
மீட்டர் பார்க்க வந்த மாலக்கி
வாசலில் நின்று சொட்டிக்கொண்டிருந்தார்.
உள்ளே வாருங்கள் என்றேன்.
டீ கொடுத்தேன். கூடவே,
கையில் அகப்பட்டது அதுதான்,
முனைத்துண்டை வாட்டி
வெண்ணெய் தடவித் தட்டில் வைத்தேன்.
சத்தியமாக மறந்துவிட்டிருந்தேன்.

ணங்.

அவர் மென்றது நின்றது.
மிக மரியாதையாக வாயிலிருந்து எடுத்துச்
சாஸரில் வைத்தார்.
"யாராவது இதைத் தேடுகிறீர்களா?"

"இல்லை" என்றாள் டிம்ப்னா.
அப்புறம் சிரித்தாள்.
நின்றபடி சிரித்து, நாற்காலியைப் பிடித்துச் சிரித்து,
முடியாமல் தரையில் உட்கார்ந்து சிரித்தாள்.
அந்தச் சிரிப்பு அவளிடம் இருந்ததே
எனக்கு மறந்துபோயிருந்தது.
மாலக்கி நாக்கால் பல்லைத் தடவிப் பார்த்துவிட்டு
எண்ணைக் குறித்துக்கொண்டு
மழைக்கே திரும்பினார்.

சாஸரில்
மோதிரத்தின் நடுவே ஒரு திராட்சை
சரியாகப் பொருந்தி உட்கார்ந்திருந்தது.
டிம்ப்னா எழுந்து வந்து
திராட்சையை மட்டும் எடுத்துத் தின்றாள்.