கிறுகுதல்

எட்டுச் சிலிண்டரையும் விரல்விட்டு எண்ணினார் சபூர்தீன்.
எத்தனை குதிரை வலு, கொழும்பில் யாரிடம், என்ன விலைக்கு
எல்லாம் சொல்லி முடித்தார்,
சம்மாந்துறை மில்லின் தவிடு இமையில் ஒட்டியிருக்க.
'இன்னம் கொஞ்சம் இரைச்சல் வேணும், அந்திராடோ.'

நான் ஜாக்கை எடுத்தேன்.
இடது முன்சில்லுக்குப் பின்னால் கொடுத்து
நாலு மிதி.
'இப்ப கதவத் திறங்க.'
திறந்தது.
மூடவில்லை.
கையால் தள்ளினார், தோளால், பிறகு இடுப்பால்.
அறுபத்தேழாம் ஆண்டுக் கதவு
அரை விரல் இடறி நின்று
பூட்டின் வாயைத் தேடிக்கொண்டிருந்தது.
'என்னகா இது, கதவையா திருத்தோணும்?'

கதவில் ஒரு குறையும் இல்லை.
முன்னால் இரண்டு இரும்பு, பின்னால் இரண்டு இரும்பு,
நடுவில் வெறும் தகடு.
இப்படித்தான் பிறந்தது இந்தக் குதிரை,
முதுகெலும்பு சீற்றுக்கடியில் அறுந்து.
கல்லாற்று வளைவில் ஸ்டியரிங்கைக் கிறுக்கினால்
மூக்கு உடனே கிறுகும்.
முதுகு யோசிக்கும்.
வால், மறுகா பாப்பம் என்னும்.

போன மாதம் மாட்டுக்கு விலத்திக்
கரைவாகு வயலுக்குள் இறங்கியதை அவர் சொல்லவில்லை.
கதவடித் தகட்டுக்குள் காய்ந்த சேறு சொன்னது.
அதிலிருந்த ஒரு நெல்லை நகத்தால் உரித்து,
சிவப்பைப் பார்த்து,
'ஆட்டக்காரி' என்று இனம் சொன்னார்.
அதன்பிறகு இரைச்சல் பற்றிப் பேசவில்லை.

சீற்றைக் கழற்றினோம். கம்பளத்தை உரித்தோம்.
டச்பார் உப்புக்காற்று தின்ற இடமெல்லாம் வெட்டிப்
புதுத் தகடு வைத்தோம்.
முன்னிரும்பையும் பின்னிரும்பையும் தொடுக்க
இரண்டங்குலப் பெட்டி இரும்பு, பக்கத்துக்கு ஒன்று.
நாலு சில்லும் பாரம் தாங்கி நிற்கவேண்டும் அப்போது.
தொங்கவிட்டு ஒட்டினால்
தொங்கலையும் சேர்த்தல்லவா ஒட்டிவிடுவோம்.
அவர் மில்லிலிருந்தே இரண்டு மூட்டை நெல் வரவழைத்து
ஓட்டுபவர் இடத்தில் ஒன்று, பக்கத்தில் ஒன்று
ஈரச்சாக்குப் போர்த்தி உட்காரவைத்தேன்.
புவிதரன் அடியில் படுத்து அங்குலம் ஒட்டினான்,
அங்குலம் விட்டான், மற்றப் பக்கம் போனான்.
சூடு ஒரே இடத்தில் குந்தினால் இரும்பு கோணும்.
பின்னேரம் கரண்ட் போனது.
இருட்டில் அந்த மூட்டைகள் இரண்டும்
நெடும்பயணம் போகிற புருஷன் பெண்சாதி போல
முன்னால் பார்த்துக்கொண்டு இருந்தன.

என்ஜினுக்கு மேலே குறுக்காக ஒரு பொல்லு,
ஸ்பிரிங் கோபுரங்கள் ஒன்றை நோக்கி ஒன்று சாயாதபடி.
மேற்கையின் துளை ஓர் அங்குலம் கீழே.
சின்னத் துளைதான். ஒரு முழுநாள் எடுத்தது.
முன்னுக்குத் தடித்த சாய்வுக்கம்பி,
பின்னுக்குப் புதிய வில்லுப்பட்டை.
என்ஜினைத் தொடவே இல்லை.
துடைக்கவும் இல்லை.

விடியமுன், மீன் லொறிகள் கிளம்புமுன்,
பெரியகல்லாற்றுப் பாலத்தடி.
அவர் கையில் ஸ்டியரிங், என் கையில் கதவுப்பிடி.
வளைவு வந்தது.
மூக்கும் முதுகும் வாலும்
ஒரே சொல்லாய்க் கிறுகின.
அவர் ஒன்றும் பேசவில்லை.
பாலம் கடந்து திருப்பி வந்து மறுபடி கிறுகினார்.
நாலு தரம்.
வலை வீசவந்தவர் வீசாமல் நின்று
எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

'ஆனா அந்திராடோ, இடுப்புக்கு அடிக்கிது.
காத்தான்குடி மட்டும் கிடக்கிற கல்லெல்லாம்
எண்ணலாம் போலிருக்கு.'
'எண்ணுங்க' என்றேன்.
அப்படித்தான் இருக்கும். அதை மறைக்கவும் ஒரு வழியுண்டு,
மறைத்தால் மறுபடி வயல்தான்.
முகத்தைச் சுளித்தார்.
மீதிக்காசு போகம் வெட்டினபிறகு என்றார்.

போகுமுன் தானாகவே ஜாக்கை எடுத்தார்.
அதே மூலை. நாலு மிதி.
கதவைத் திறந்தார், சாத்தினார்.
ஒரு டொக்.
திறந்தார், சாத்தினார்.
திறந்தார்.
குசினிக்குள்ளிருந்து பிலோமினா கத்தினாள்:
'எத்தினை பேர்தான் வந்து இறங்குறாங்க?
தண்ணி வைக்கட்டா?'