இணைப்பு ஒன்பது

வாளையாறு தாண்டியதும் ரயில் மெதுவாகும்.
யானை கடக்கும் இடம் என்று
தண்டவாளத்தோரம் மஞ்சள் பலகை.
அந்தப் பன்னிரண்டு நிமிடத்தில்
நான்கு விடைத்தாள் திருத்திவிடுவேன்.
பத்தொன்பது வருடம் இந்தப் பாதை.
யானையை இரண்டு முறைதான் பார்த்தேன்,
அதிலும் ஒருமுறை பின்புறம் மட்டும்.

இணைப் பேராசிரியர் பதவிக்கான படிவம்
இருபத்தியொரு பக்கம்.
பதினான்காம் பக்கத்தில் ஒரு கட்டம்:
பணி இடைவெளி இருப்பின் காரணம்.
என் கட்டைவிரல் அகலம்.
மகன் ஏழாம் மாதத்திலேயே பிறந்துவிட்டான்
என்று எழுதினால்
'ஏழாம்' வரை கொள்ளும்.
'சொந்தக் காரணம்' என்று எழுதினேன்.
அளவெடுத்துத் தைத்தாற்போல் பொருந்தியது.

என் ஆராய்ச்சி நன்னீர் நத்தைகள் பற்றி.
சித்தூர்ப் புழையில் நீர் வற்றினால்
மூடியை இழுத்துச் சாத்திக்கொண்டு
சேற்றுக்குள் போய்விடும்.
செத்துவிட்டது என்று பையன்கள் கொட்டப் போவார்கள்.
வாளியில் தண்ணீர் விட்டுக் காத்திருங்கள் என்பேன்.
(இதை யாரும் உவமையாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.
நத்தைக்கு நேர்முகத் தேர்வு கிடையாது.)

எனக்கு நடந்த நேர்முகத்தில்
ஐந்து ஆண்கள், ஒரு தட்டுப் பழம்பொரி.
"டீச்சர் கோயம்புத்தூர்ல நின்னா டெய்லி வரது?"
"பீளமேட்டிலிருந்து, சார்."
"நாளைக்குத் துறைத் தலைமைன்னு வந்தா
சாயங்காலம் நிக்க வேண்டி வருமே?"
கேட்டவர் உண்ணித்தான் சார்.
நல்ல மனிதர். என் களப்பணிக்கு
ஜீப் கேட்டு மூன்று கடிதம் எழுதியவர்.
நத்தையைப் பற்றி
ஒருவரும் கேட்கவில்லை.

என் மேசையோரம் நின்று
புள்ளியியல் கற்றுக்கொண்ட ஜிதின்தாஸ்
அந்த வருடம் இணைப் பேராசிரியர் ஆனான்.
லட்டு கொண்டுவந்தான்.
நல்ல நெய்.
இரண்டு சாப்பிட்டேன்.

எனக்கு ஐந்து வருடம் கழித்து.
முன்தேதி கிடையாது,
நிலுவை கிடையாது.

இந்த வெள்ளிக்கிழமை
நான் மேசையின் அந்தப் பக்கம்.
வெளி நிபுணர். நால்வரில் ஒரே பெண்.
என் முன்னாலும் பழம்பொரி.
உள்ளே வந்தவள் புதுநகரம் கா. மைமூனா.
ஆட்டு ஈரல் புழு பற்றிப் பதினோரு கட்டுரை,
ஏழில் அவள் பெயர் முதலில்.
படிவத்தைப் புரட்டினேன்.
பதினான்காம் பக்கம், அதே கட்டம்,
இன்னும் அதே அகலம்.
உள்ளே பொடி எழுத்தில்:
'இடம் போதாது. இணைப்பு ஒன்பது காண்க.'

இணைப்பு ஒன்பது நான்கு பக்கம்.
தேதிவாரியாக.
எந்த மாதம் எந்த ஆஸ்பத்திரி,
எந்த இரவு எந்தக் கட்டுரையின் எந்தத் திருத்தம்,
ஒட்டன்சத்திரம் சந்தையிலிருந்து ஈரல் கொண்டுவர
யாரை அனுப்பினாள், என்ன கூலி கொடுத்தாள்.
எங்கும் 'சிரமம்' என்ற சொல் இல்லை.

படித்துக்கொண்டே இருந்த என் வாய்
தானாகத் திறந்தது:
"இத்தனைக்கும் நடுவுல
எப்படிம்மா சமாளிக்கிறீங்க?"
அன்பாகத்தான் கேட்டேன்.
சத்தியமாக அன்பாகத்தான்.

அவள் தண்ணீர் தம்ளரைக் கொஞ்சம் நகர்த்திவைத்தாள்.
"அதுக்கு எத்தனை மார்க், மேடம்?"

மின்விசிறி சுற்றியது.
யாரோ செருமினார்.
உண்ணித்தான் சார் இல்லை,
அவர் ஓய்வு பெற்று ஆறு வருடம்.
ஆனாலும் அவர் குரல் அறையில் இருந்தது,
என் தொண்டையில்.

"மார்க் கிடையாது," என்றேன்.
"கேட்டிருக்கக் கூடாது."
குறிப்பு எழுதிய உதவியாளரிடம்
நான் கேட்டதையும் எழுதச் சொன்னேன்.
தயங்கினார். எழுதினார்.
பிறகு மூன்றாம் அட்டவணைக்குப் போனோம்.
மாதிரி எண்ணிக்கை குறைவு என்றேன்.
இல்லை என்றாள்.
முக்கால் மணி நேரம் சண்டை போட்டோம்.
பழம்பொரி ஆறிப்போயிற்று.

முடிவு வர இரண்டு மாதம் ஆகும்.
மற்ற மூவர் என்ன போட்டார்கள், தெரியாது.

இரவு வண்டியில் திரும்பினேன்.
விடைத்தாள் எதுவும் எடுத்துவரவில்லை.
கஞ்சிக்கோடு விட்டதும் வேகம் குறைந்தது.
கண்ணாடியில் முகம் ஒட்டிப் பார்த்தேன்,
இருட்டு, முட்புதர், மஞ்சள் பலகை.
யானை வரவில்லை.
வராத யானைக்காகவும்
வண்டி மெதுவாகத்தான் போனது.