புகை எண்ணியவள்

எர்தெனெத்துக்கு நான் போனது விசாரிக்க.
மூப்பர் குழுவின் கடிதம் சட்டைப்பையில்,
அதற்கு மேல் ஆட்டுத்தோல் அங்கி,
அதற்கும் மேல் மைனஸ் முப்பத்தொன்று.

அனுமதி கேட்காமல் ஒருத்தி
சபை நடத்துகிறாளாம்.
அழைப்பு உண்டா என்று பார்.
உண்டென்றால் தலையில் கைவைத்து ஜெபி.
இல்லையென்றால் அன்பாகச் சொல்லிப் பூட்டிவிடு.
அந்த ‘அன்பாக’ மட்டும்
பிறகு பேனாவால் செருகப்பட்டிருந்தது.

ட்சோக்சோல்மா.
செப்புச் சுரங்கத்தில் கிரேன் ஓட்டுகிறவள்.
உட்காருங்கள் என்றுகூடச் சொல்லவில்லை,
நிலக்கரி வாளியை நீட்டினாள்.
சரிவில் ஏறினோம்.

எப்போது அழைத்தார், என்றேன்.
எனக்கு மூச்சு இரைத்தது.

அழைக்கவில்லை, என்றாள்.
என் கூண்டிலிருந்து பார்த்தால்
இந்தச் சரிவுக் கூடாரங்கள் எல்லாம் தெரியும்.
விடியற்கால ஷிப்டில் தூங்கிவிடாமலிருக்க
புகைபோக்கிகளை எண்ணுவேன்.
நூற்றுப் பதினேழு புகை.
ஒருநாள் நூற்றுப் பதினாறு.
மறுநாளும்.
இறங்கிப் போய்ப் பார்த்தேன்.

இரண்டு பிள்ளைகள், ஒரே போர்வை.
தகப்பன் வோட்காவோடு எங்கோ.
தாயைப் பற்றி அவள் சொல்லவில்லை,
நானும் கேட்கவில்லை.
அடுப்பை மூட்டினாளாம். மறுநாளும் மூட்டினாளாம்.
சூடு இருக்கிற இடத்துக்கு ஆள் வருமே.
வந்தவர்களைச் சும்மா உட்காரவைப்பானேன் என்று
தனக்குத் தெரிந்த ஒரே கதையைச் சொன்னாளாம்,
ஓர் ஆட்டுக்காகத் தொண்ணூற்றொன்பதை
விட்டுப் போன மேய்ப்பன் கதை.
ஆடு மேய்த்த ஜனமல்லவா,
விடிய விடிய வாதாடினார்களாம்
அந்தத் தொண்ணூற்றொன்பதை
யார் பார்த்துக்கொண்டது என்று.

என்னிடம் கேள்விப் பட்டியல் இருந்தது.
ஞானஸ்நானம் எந்த ஆண்டு, யார் கையால்.
தசமபாகக் கணக்கு.
பெண் திருவிருந்து பரிமாறலாமா என்பதற்கு மட்டும்
அரைப் பக்கம்.

திருவிருந்துக்கு என்ன செய்கிறாய்?
உப்புத் தேநீர்.
கொஞ்ச தூரம் நடந்தபின்,
தப்பா, என்றாள்.

குனிந்து நுழைந்தேன்.
பதினாலு பேர், ஒரு நாய்.
அபிஷேக எண்ணெய்ப் புட்டியை எடுத்தால்
உறைந்து வெண்ணெயாகியிருந்தது.
அடுப்போரம் அதை வைத்துவிட்டுக்
கடிதத்தைப் பிரித்தேன். தொண்டையைச் செருமினேன்.
எனக்கு அளிக்கப்பட்டிருக்கும் அதிகாரத்தின்படி—

ஐயா, கதவு.

ஏழு வயதிருக்கும். உரான்திமெக்.
போர்வைப் பிள்ளைகளில் மூத்தவள்.
கதவைச் சாத்துங்க. சூடு போகுது.

பதினாலு பேரும் என்னைப் பார்த்தார்கள்.
நாயும்.
கடிதத்தை எங்கே வைப்பதென்று தெரியாமல்
பல்லில் கவ்விக்கொண்டு
இரண்டு கையாலும் இழுத்துச் சாத்தினேன்.

அறிக்கையில் ‘அழைப்பு’ என்ற கட்டத்தில்
நூற்றுப் பதினேழு என்று எழுதி அனுப்பினேன்.
செயலாளர் போனில் கேட்டார்,
இது என்ன, உறுப்பினர் எண்ணிக்கையா?

வெளியே அப்போது விடிந்துகொண்டிருந்தது.
கொஞ்சம் பொறுங்கள், என்றேன்,
எண்ணிக்கொண்டிருக்கிறேன்.