மூன்றுக்கு அரைக்கால் குறைவு

மின்ஸ்கில் ஜனவரி.
சுழியத்துக்கு இருபது கீழே.
யாத்விகா ஜன்னலைத் திறந்து
வெளிவிளிம்பில் காந்தத்தை வைத்தாள்,
அதன்மேல் ஒரு கறுப்பு வில்லை.
ஸ்ட்ரான்ஷியம், கோபால்ட்,
மிச்சமெல்லாம் ஆக்சிஜன்.

பத்து நிமிடம்.
காந்தத்தைக் கவிழ்த்தாள்.
வில்லை விழுந்தது
விளிம்புப் பனியில், சத்தமில்லாமல்.

"உருளை எப்போது தீர்ந்தது?"
கையுறையைப் பார்த்தபடி காஸ்துஸ்
"சனி இரவு" என்றான். ஹாக்கி இறுதியாட்டம்.
உலை மட்டும் எரிந்திருக்கிறது, மூச்சில்லாமல்.

அவள் திட்டவில்லை.
தராசு சொல்லிற்று:
நானூறு மில்லிகிராமில் நாலு காணோம்.

கோபால்ட் ஒன்றுக்கு ஆக்சிஜன் மூன்று வேண்டும்.
இருப்பது மூன்றுக்கு அரைக்கால் குறைவு.
வேறெதையும் யாரும் தொடவில்லை.
அந்த அரைக்காலில்தான்
எலக்ட்ரான் நடந்த பாலங்கள் அறுந்தன;
பக்கத்து அணு எந்தத் திசை பார்க்கிறதென்று
இந்த அணுவுக்குத் தெரியாமல் போயிற்று.
போன மாதத்து வில்லையில்
வாய்க்காலாய் ஓடிய மின்சாரம்
இதில் வாசல் வாசலாய் நின்று இரக்கிறது.

புது உருளை மதியம் வந்தது.
ஐந்நூறு பாகை, அழுத்தம், இரண்டு இரவுகள்.
காஸ்துஸ் போர்வையோடு வந்து
வால்வுக்குப் பக்கத்திலேயே படுத்தான்.

புதன் காலை.
ஜன்னல், காந்தம், பத்து நிமிடம்.
கவிழ்த்தாள்.

தொங்குகிறது.
கீழே பனி, மேலே அதே வில்லை,
வௌவால் மாதிரி.

காஸ்துஸ் சிரித்துவிட்டான்.
அவள் காந்தத்தை அப்படியே உள்ளே கொண்டுவந்து
மேசைக்கு மேல் பிடித்திருந்தாள்.
அறையின் வெம்மை ஏற ஏற
வில்லையின் பிடி தளர்ந்து,
டக்.

அந்த நேரத்தையும் குறித்துக்கொண்டாள்.