பதினொரு மெகாபைட்

ஒரு செவ்வாய் இரவு அச்சுப்பொறியை எடுத்துவிட்டேன்.
மேசையிலிருந்து அல்ல,
நொய் என்று நாங்கள் பெயர் வைத்திருக்கும்
இயங்குதளத்திலிருந்து.
பதினொரு மெகாபைட் மிச்சம்.

நொய் என்றால் குருணை.
நொய் என்றால் லேசு.
கம்பெனிகள் புடைத்துத் தள்ளியபின்
முறத்தின் ஓரம் ஒட்டிக்கிடக்கும் மடிக்கணினிகள்,
கீல் உடைந்த மூடி,
பல் விழுந்த விசைப்பலகை,
அரை ஜிபி நினைவகம்.
அவற்றுக்குத்தான் உலை வைக்கிறோம்.

நாங்கள் என்றால் நாலு பேர்.
ரீகாவில் யானிஸ்.
குரிச்சிபாவில் ஓட்டாவியோ, அவன் உறங்கப் போகும்போது
எனக்குப் பல் துலக்கும் நேரம்.
உட்லண்ட்ஸில் ஹைருல்,
ஒரே சிவப்புத் தடத்து ரயில்தான், நேரில் பார்த்ததில்லை.
அங்கயற்கண்ணி என்று முழுதாய் அடிக்கச் சோம்பி
என்னை 'அங்ஙா' ஆக்கிவிட்டான்;
மலாயில் நடுப்பிள்ளையை அப்படி அழைப்பார்களாம்.
தோ பாயோவில் ஒன்பதாம் மாடியில் நான்.
சம்பளம் கிடையாது. சண்டை உண்டு.

பகலில் எனக்குத் தை செங்கில் தரவு நிலைய வேலை.
அங்கே ஒரு சர்வர்
ஒரு நாளில் கிறுக்கும் குறிப்பேடே
எங்கள் நொய்யைவிடக் கனம்.
ஸ்வெட்டர் போட்டு டெராபைட்டுகளைக் காவல் காத்துவிட்டு
வியர்த்து வீடு வந்து
கிலோபைட்டுகளைக் கிள்ளி எடுப்பேன்.

"இந்தக் காலத்தில் யார் அச்சடிக்கிறார்கள்?"
என்று எழுதினேன்.
யானிஸ் கட்டைவிரல் உயர்த்தினான்.
ஹைருல் ஒன்றும் சொல்லவில்லை.
புதிய பதிப்பு போனது.

பதினேழாம் நாள் ஒரு வழுப் புகார், எண் 1183.
"அப்டேட் செய்தபின் பிரிண்டர் இல்லை.
மதியம் சமாளிக்க முடியவில்லை.
தயவுசெய்து."
கூடவே ஒரு படம்:
பிளாஸ்டிக் தாள் சுற்றிய மடிக்கணினி,
பக்கத்தில் உள்ளங்கை அகல ரசீதுப்பொறி,
பின்னால் பச்சை ஓட்டுச் சுவர்,
அதில் ஒன்று உடைந்து சிமெண்டு பூசியிருந்தது.

அந்த உடைசலை எனக்குத் தெரியும்.
என் புளோக்கின் கீழே உணவங்காடி,
மீன் சூப் கடை.
வாரம் மூன்று நாள்
அதைப் பார்த்தபடிதான் சாப்பிடுகிறேன்.

விடுப்புச் சொல்லிவிட்டுப் பன்னிரண்டரைக்கு இறங்கினேன்.
திருமதி ஓங் அட்டைப்பெட்டியைக் கிழித்துக் கிழித்து
எண் எழுதிக்கொண்டிருந்தார்.
முப்பத்தொன்று இரண்டு பேரிடம் இருந்தது;
இருவரும் ஒரே கிண்ணத்தை நோக்கி நடந்தார்கள்.
அவர் மகன் கைபேசியை
எடுப்பதும் வைப்பதுமாய் இருந்தான்,
யாரோ பதில் சொல்வார்கள் என்று.
அந்த யாரோ
சின்னத் தட்டில் மிளகாயோடு எதிரே நின்றாள்.

சொல்லியிருக்கலாம்.
சொன்னால் காசு வாங்க மாட்டாரோ,
இரட்டிப்பாய் வாங்குவாரோ,
தெரியவில்லை.

இரவு திருப்பி வைத்தேன். யானிஸ் கத்தினான்:
"ஒரு கடைக்காகவா பதினொன்று?"
ஒரு கடைதான் எழுதியது. எழுதாதவை எத்தனை?
மூன்று இரவு செதுக்கினோம்.
வண்ணம் வேண்டாம், இருபக்க அச்சு வேண்டாம்,
மை எவ்வளவு மிச்சம் என்ற விசாரிப்பு வேண்டாம்.
ஓட்டாவியோ கடைசியாய் ஒரு நூலகத்தையே கழற்றினான்.
இரண்டு புள்ளி நான்கில் வந்து நின்றது.

மாற்றக் குறிப்பில் எழுதினேன்:
"அச்சு மீண்டும் சேர்ப்பு. காரணம்: மதியம்."
ஹைருல் ஒப்புதல் தந்து கீழே
ஒரு சொல் சேர்த்தான்: "பசிக்குது."

வியாழக்கிழமை. வரிசை கழிப்பறை வரை நீண்டிருந்தது.
பொறி கிர்ரென்று ஒரு சீட்டைத் துப்பியது.
நாற்பத்தேழு.
காகிதம் இன்னும் வெதுவெதுப்பாய் இருந்தது.
ஏழின் கால் மட்டும்
ஒரு புள்ளி அளவு வெட்டுப்பட்டிருந்தது,
வேறு யாருக்கும் தெரியாது.

சூப் ஆறிக்கொண்டிருந்தது.
நான் அந்தக் காலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.